மூன்றாம் வாரப் பாடத்தில் கதவு இல்லை

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது கணினித் திரையில் ஒரு கோட்டைக் காட்டினீர்கள். இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் சரிந்து, வலப்பக்கத்தில் தரையைத் தொடுகிற கோடு. "நம்ம தியான ஆப்பில சேர்ந்தவங்களோட மன அழுத்தம் எப்படி இறங்குது பாருங்க சார்" என்றீர்கள். நான் நல்லது என்று சொல்லி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டில் உட்கார முடியவில்லை. மாடிக்கும் கீழுக்குமாக நடந்தேன். சரிகிற கோட்டைப் பார்த்தால் எனக்குள்ளும் ஏதோ சரியும். வேலையை விட்டு வந்து இத்தனை காலம் ஆகியும் அது போகவில்லை. காரணம் ஒரு பெண். அவளைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் வந்தது தப்பு என்று பட்டது. அதனால் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அப்போது ஆப் கிடையாது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கிக்கு மேலே எங்கள் அலுவலகம். ஒரு கணினி, ஒரு மைக், ஒரு தொலைபேசி. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், இரு பாலரையும் விரும்புகிறவர்கள் என்று யாரிடமும் வாய் திறக்க முடியாமல் நெஞ்சுக்குள் கல்லைச் சுமந்து திரிகிறவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றை மின்னஞ்சலில் நடத்தினோம். ஞாயிறுதோறும் ஓர் ஒலிக்கோப்பும் ஒரு கடிதமும் போகும். மூச்சைக் கவனிப்பது, உடம்பைக் கவனிப்பது, வருகிற எண்ணத்தை விரட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது. வெள்ளிக்கிழமை அவர்கள் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். இந்த வாரம் மனப்பாரம் எவ்வளவு? பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். அந்த எண்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைத்து நான் கோடு இழுப்பேன்.

குரல் என்னுடையது. கீழே மிளகாய் மூட்டையைப் புரட்டினால் மேலே மைக் முன்னால் எனக்குத் தொண்டை கமறும். இரண்டாம் வார ஒலிக்கோப்பில், "மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள்" என்றதும் நானே பெரிதாக இருமியிருப்பேன். மறுபடி பதிவு செய்ய நேரமில்லாமல் அப்படியே அனுப்பிவிட்டோம். பயிற்சியிலேயே பிடித்தது அந்த இருமல்தான் என்று பல பேர் எழுதினார்கள். சொல்லித் தருகிறவனுக்கும் மூச்சு முட்டுகிறதே என்ற ஆறுதலாக இருக்கலாம்.

விதி ஒன்று உண்டு. பங்கேற்பாளர்களை நாங்கள் நேரில் பார்க்க மாட்டோம். சொந்தப் பெயர் கேட்க மாட்டோம். ஆளாளுக்கு ஒரு புனைபெயர். சிவகாசிப் பக்கத்து ஆட்கள் வெடிப் பெயராகவே வைத்துக்கொண்டார்கள். புஸ்வாணம், சங்குசக்கரம், ஓலைவெடி. ஒருத்தி சாட்டை என்று வைத்துக்கொண்டாள்.

சாட்டைக்கு இருபத்தெட்டு வயது. ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் வேலை. வடக்கே இருந்து மெயிலில் வருகிற ஆர்டர்களுக்குப் பதில் போடுவாள், காலையில் ஷெட் ஷெட்டாகப் போய் வருகைப் பதிவு எடுப்பாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் ஆபீஸ் கணினியில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு என் பாடத்தைக் கேட்பாள். சாத்தூரில் நர்சாக இருக்கிற ஒரு பெண்ணோடு ஆறு வருஷமாகப் பிரியம். வீட்டில் அம்மா, அண்ணன். யாருக்கும் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி இவ்வளவையும் முதல் வாரமே சொல்லியிருந்தாள்.

முதல் வாரக் கடிதத்தில் ஒரு கேள்வி இருக்கும். உங்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் இடம் எது? அம்மா மடி, கோயில் பிராகாரம், பீச் என்றெல்லாம் எழுதுவார்கள். அவள் எழுதியது:

"மருந்து ரூம். சிரிக்காதீக சார். எங்க கம்பெனியில வெடிமருந்து கையாளுற எல்லா ரூமுக்கும் எதிரும் புதிருமா ரெண்டு கதவு. வெளிப்பக்கமாத் தொறக்கும். உள்ள ஆள் இருக்கையில தாழ்ப்பாள் போடக் கூடாது. வாசல்ல ஒரு அட்டைப்பெட்டிகூட வைக்கக் கூடாது. காலைல போர்மேன் அண்ணாச்சி வந்ததும் மொதல்ல கதவைத்தான் பாப்பாரு, அப்புறந்தான் மருந்தத் தொட விடுவாரு. எங்க வீட்டுக்கு ஒரு கதவுதான்."

நான் சிரித்தேன். ஓரத்தில் 'சுவாரசியம்' என்று எழுதிவிட்டு அடுத்த படிவத்துக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் வாரப் பாடத்தை எழுதியதும் நான்தான். அதன் நடுவில் இப்படி வரும்: "எது வந்தாலும் எழுந்து ஓடாதீர்கள். இருங்கள். அது உங்களைச் சுற்றி வரட்டும், வந்து போகட்டும். நீங்கள் இருங்கள்." அந்த வரி எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் என் தப்பு உங்களுக்கு விளங்கும். நானும் ஆணை விரும்புகிறவன். எனக்கு அப்போது முப்பத்தாறு. தங்கைகளின் கல்யாணப் பந்தல்களில், "உனக்கு எப்ப" என்ற கேள்வி நாலா பக்கமும் மொய்க்க, சிரித்த முகத்தோடு அசையாமல் உட்கார்ந்து பழகியவன். வாழ்க்கையில் எனக்குக் கைவந்த ஒரே வித்தை அது. அதைத்தான் பாடமாக்கினேன். எனக்கு வெளியே போகத் தைரியம் இல்லாததை ஞானம் என்று பெயர் வைத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன்.

சாட்டையின் எண்கள்: முதல் வாரம் ஒன்பது. இரண்டாம் வாரம் எட்டு. மூன்றாம் வாரம் நான்கு. அந்தப் படிவத்தில், "அண்ணனுக்குத் தெரிஞ்சு போச்சு சார், செல்லைப் பிடுங்கி வச்சுக்கிட்டான்" என்று ஒரு வரி. நான்காம் வாரம் இரண்டு. அதன் கீழே: "வேலை விட்டு வந்ததும் ரூமுக்குள்ள விட்டு வெளிய பூட்டுதான். முதல் நாள் நெஞ்சடைச்சுது. உங்க குரலை மனசுக்குள்ள ஓட்டுனேன். இருங்க, இருங்கன்னு சொன்னீகள்ல, இருந்தேன். இப்ப பூட்டுற சத்தம் கேட்டாக்கூட ஒண்ணும் இல்ல."

நான் எண்ணைப் பார்த்தேன். எங்கள் தாளிலேயே இவ்வளவு அழகாக எந்தக் கோடும் இறங்கியதில்லை. "மிகச் சிறப்பு. தொடர்ந்து செய்யுங்கள்" என்று பதில் போட்டேன். நான்கு சொற்கள்.

ஐந்தாம் வாரப் படிவம் வரவில்லை.

மதுரையிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து எங்கள் வேலையைப் பார்வையிடும் மனநல ஆலோசகர் ஒருவர் உண்டு. டாக்டரம்மா என்போம். கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டே படியேறுவார். அன்று தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்தவர் சாட்டையின் கோட்டில் நின்றார்.

"இந்தப் பொண்ணுக்கு நாலாவது வாரமே ரெண்டாயிருச்சா தம்பி?"

"ஆமாம்மா. நம்ம ஆளுகள்ல இவங்கதான் ஃபர்ஸ்ட்."

"எதனால குறைஞ்சது?"

"பயிற்சிதாம்மா."

படிவத்தை எடுத்து வாசித்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். "வெளிய பூட்டுறான்னு எழுதியிருக்காளே. இதுக்கு நீ என்ன பதில் போட்ட?"

அவரே மெயிலைத் திறந்து பார்த்தார். கீழே யாரோ மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"மனசு ஆறுன ஆளும் ரெண்டுன்னு போடுவாங்க தம்பி. இனி ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்ட ஆளும் ரெண்டுன்னுதான் போடுவாங்க. தாள்ல ரெண்டும் ஒரே புள்ளி. வித்தியாசம் கண்டுபிடிக்கத்தானே உன்ன இங்க உக்கார வச்சிருக்கு."

திட்டியிருந்தால் தேவலை. அன்று மூன்று மெயில் போட்டேன். பதில் இல்லை. திங்கட்கிழமை காலை தொலைபேசி அடித்தது.

"மூச்சு சாருங்களா?" பெண் குரல். "நான் சாத்தூர்லருந்து பேசுறேன். சாட்டையோட... நர்சு."

"சொல்லுங்கம்மா. அவங்க எப்படி இருக்காங்க?"

"ஒரு வாரமா வேலைக்கு விடல சார். கம்பெனியில கேட்டதுக்கு அம்மை போட்டிருக்குன்னு அவ அண்ணன் சொல்லிட்டான். வாசல்ல வேப்பிலை கட்டிட்டான். அம்மை வீட்டுக்குள்ள யாரு போவா? ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. அதே தெருவுல எங்க பெரியம்மா இருக்காக, அவுக சொல்லித்தான் தெரியும். அடுத்த மாசம் திருப்பூர்ல எவனுக்கோ குடுக்கப் போறானாம்."

"நான் இப்பவே கிளம்பி வர்றேன். வீட்டுக்கே போறேன்."

"போயி? மூச்சு சொல்லிக் குடுக்க வந்தேம்பீகளா?" அவளுக்குக் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான். "ஏட்டு, இன்ஸ்பெக்டருன்னு போனாலும், வீட்டு விஷயம்னு அண்ணன் கையிலதான் திருப்பிக் குடுப்பாக. எனக்கும் அவளுக்கும் என்னன்னு ஊரறியச் சொல்லி அசிங்கப்படுத்துவாக. நான் சொல்றதக் கேளுங்க. அவுக அம்மா நடுங்கிப் போயி இருக்காக. இல்லாத அம்மைக்கு வேப்பிலை கட்டிட்டானே, ஆத்தா சும்மா விடுவாளான்னு. வெள்ளிக்கிழமை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போறாக. பொண்ணையும் கூட்டிக்கிட்டு. மகன் மொட்டை போட்டு மன்னிப்புக் கேக்கணுமாம்."

"சரி."

"மொட்டைக்கு உக்காந்தவன் பாதியில எந்திரிக்க முடியாது சார். அம்புட்டு நேரந்தான் இருக்கு. நான் பக்கத்துல போக முடியாது, என் மூஞ்சி அவுகளுக்குத் தெரியும். உங்க மூஞ்சி தெரியாது."

"அவங்களுக்கும் என்னைத் தெரியாதேம்மா."

"உங்க குரல் தெரியும்ல."

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நேரில் பார்க்கக் கூடாது என்ற விதியை எழுதியதே அவர்தான். "போ" என்றார். "ஒண்ணு மட்டும். கையைப் பிடிச்சு இழுக்காத. அவ மேஜர், முடிவு அவளோடது. இருக்கிற வழியச் சொல்லிட்டு விலகி நில்லு. வரலைன்னு சொன்னா, சரிம்மான்னு திரும்பி வந்துரு. உன்னால முடியுமா?" முடியும் என்றேன். முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை இருக்கன்குடியில் என்ன கூட்டம் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் சேலை கட்டின பெண் என்று நர்சு அடையாளம் சொல்லியிருந்தாள். இறங்கிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள் சேலை. சட்டியும் வேப்பிலையும் குழந்தைகளும் குலவையுமாக ஆற்றுமணல் வரை ஒரே மஞ்சள். ஒரு மணி நேரம் சுற்றினேன். முடியெடுக்கிற கொட்டகைப் பக்கம் நான்காவது தடவையாக வரும்போது கண்டுபிடித்தேன். முகத்தை வைத்து அல்ல. தூணோரம் ஒரு பெண் முதுகு நிமிர்த்தி, உள்ளங்கை இரண்டையும் மேல்நோக்கித் தொடைமேல் வைத்து, கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தாள். அத்தனை ஆயிரம் பேரில் என் பாடத்தின்படி உட்கார்ந்திருந்த ஒரே ஆள்.

பதினைந்து அடி தள்ளி, வரிசையில் மூன்றாவதாக ஒருவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தி இறங்கத் தொடங்கியிருந்தது.

அவளுக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்திருந்தேன். வாயைத் திறந்தால் சாம்பிராணிப் புகையில் இருமல்தான் வந்தது. பெரிய இருமல்.

அவள் திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டாவது வாரம்" என்றாள்.

"ஆமாம்மா. நான்தான்."

"இங்கன எப்படி சார்?" உதடு மட்டும்தான் அசைந்தது. முகம் அப்படியே இருந்தது. அந்த அமைதியைப் பக்கத்தில் பார்க்கப் பயமாக இருந்தது. அது என் கைவேலை.

"மூணாவது வாரம் தப்பும்மா. இருங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கு முன்னால கதவு எங்க இருக்குன்னு பாக்கச் சொல்லியிருக்கணும். நீங்க மொத வாரமே எழுதியிருந்தீங்க. நான் சரியாப் படிக்கல."

அவள் மறுபடி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"வெளிய சாத்தூர் பஸ் நிக்குது. சன்னலோரத்துல அவங்க உக்காந்திருக்காங்க. போங்கன்னு நான் சொல்லல. பஸ் நிக்குதுன்னு மட்டும் சொல்றேன்."

"அம்மா தீர்த்தம் வாங்கப் போயிருக்கு." பிறகு அண்ணனைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். தோள் இரண்டும் மெல்ல இறங்கின. மூச்சு நீளமாக உள்ளே போய், நின்று, வெளியே வந்தது. நான் சொல்லிக் கொடுத்த மூச்சு. அவளுக்குள்ளே என் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இருங்கள், எழுந்து ஓடாதீர்கள், இருங்கள். கத்தி அவன் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. தீர்த்தம் கொடுக்கிற வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டு விலகி நில் என்றார் டாக்டரம்மா. விலகி நிற்கலாம். வெளியே நான் விலகி நின்றாலும், உள்ளே நான்தானே அவள் தோளை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மைக் முன்னால் பேசுகிற அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னேன்: "எந்திரிங்க."

கண்ணைத் திறந்தாள்.

கையைத்தான் பிடிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லால் அவளைப் பிடித்து இழுத்தேனா, அல்லது ஏற்கெனவே பிடித்திருந்த பிடியை விட்டேனா? இன்றைக்கு வரை இரண்டு பக்கமும் நானே வழக்காடிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாராவது தீர்ப்புச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

அவள் உள்ளங்கைகளைத் திருப்பித் தரையில் ஊன்றி எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டாள். அண்ணனை இன்னொரு தடவை பார்த்தாள். "பாதி மொட்டையில நல்லாத்தான் இருக்கான்" என்றாள். முதல்முதலாக முகத்தில் ஏதோ அசைந்தது, சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று. ஓடவில்லை. வேகமாக நடந்தாள். மஞ்சளுக்குள் மஞ்சளாகப் போய்விட்டாள்.

நான் உடனே வேறு பக்கமாக வந்துவிட்டேன். அந்த அம்மா தீர்த்தச் சொம்போடு வந்து, வெறும் தூணைப் பார்த்து நின்றிருப்பார். அதை நான் பார்க்கவில்லை. பார்க்காத காட்சிதான் அடிக்கடி வருகிறது. ஒருவருக்கு வழி திறக்கிறபோது இன்னொருவர் வாசலில் தனியாக நிற்கிறார். இந்த வேலையில் அதற்குப் பரிகாரம் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் நடிக்கவும் விரும்பவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. டாக்டரம்மா வந்ததும் மூன்றாம் வாரப் பாடத்தை அழித்தோம். புதிதாகப் பதிவு செய்தேன். "கண்ணை மூடாதீர்கள்" என்றுதான் அது தொடங்கும். "நீங்கள் இருக்கிற இடத்தில் கதவு எங்கே இருக்கிறது? அதை உங்களால் உள்ளிருந்து திறக்க முடியுமா? முடியாது என்றால் இன்றைக்குப் பயிற்சி வேண்டாம். முதலில் எங்களுக்கு எழுதுங்கள்." அப்படி எழுத ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் பூட்டின அறைக்குள் உட்கார்ந்து என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. சிலருக்கு நிஜப் பூட்டு. சிலருக்குப் பூட்டியவரே கணவன், அல்லது மனைவி. சிலர், என்னைப் போல, தாங்களே உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவர்கள். அடுத்த வருஷம் நானும் வீட்டில் வாய் திறந்தேன். அது வேறு கதை.

மூச்சைக் கவனிப்பது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நானே தினமும் செய்கிறவன். அவளும் பயிற்சியை விட்டுவிடவில்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்தைத் தொடுகிறவர்களுக்குக் கை நடுங்கக் கூடாது, அதற்கு நிதானம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் போர்மேன் காலையில் வந்து, "கை நடுங்குதா" என்று கேட்பதில்லை. கதவைப் பார்க்கிறார். உங்கள் ஆப்பில் மணிச் சத்தம் இனிமையாக இருக்கிறது, பின்னால் மழை பெய்கிறது, யாரும் இருமுவதில்லை. எண்ணைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி சேர்க்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, புது முகவரியிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஐந்தாம் வாரம் என்று மேலே போட்டிருந்தது. விட்ட இடத்திலிருந்து பிடித்திருக்கிறாள். மனப்பாரம்: எட்டு.

"கோயம்புத்தூர்ல இருக்கோம் சார். அவளுக்கு ஆஸ்பத்திரியில வேலை கெடைச்சிருச்சு, எனக்கு இன்னும் இல்ல. பக்கத்து வீட்டம்மா ஒரு மாதிரி பாக்குறாக. அம்மா நெனப்பு வந்தா நெஞ்சடைக்குது. ராத்திரி தூக்கம் இல்ல. பயமா இருக்கு. அதான் எட்டு போட்டிருக்கேன், கொறச்சுப் போடல. இந்த வீட்டுக்கு ரெண்டு கதவு சார்."

"மிகச் சிறப்பு" என்று தட்டச்சு செய்யத் தொடங்கி, அழித்தேன். பிறகு பழைய தாளை எடுத்து, இரண்டில் நின்றிருந்த புள்ளியிலிருந்து எட்டுக்குக் கோடு இழுத்தேன்.

அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உங்கள் திரையில் தெரிந்தது போல அழகாக இருக்காது. இறங்கி இறங்கி வந்து, கடைசியில் சட்டென்று மேலே ஏறியிருக்கும். நாங்கள் ஒருத்திக்கு உருப்படியாக ஏதாவது செய்தோம் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி, அந்த ஏற்றம்தான்.